ஆறாம் பெட்டியில் விட்ட ஜாக்கெட்

2009ஆம் ஆண்டு யூலை மாதம். இலங்கையில், எங்கள் ஊரில் போர் முடிந்து ஏழெட்டுக் கிழமைதான் ஆகியிருந்தது. நான் அப்போது சீனாவில், தியான்ஜின் என்ற நகரத்தில் நின்றேன். அந்த நேரத்தில் இவன் ஏன் அங்கே போனான் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நானும் அங்கே நின்ற நாள் முழுக்க என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது டொரோண்டோவில், டோர்செட் பார்க் பக்கம் ஓர் அடுக்குமாடியில். நான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலை, தியான்ஜினில் இருந்து ஒரு புது மெசின் வாங்கியிருந்தது. அதைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன் ஓட்டிப் பார்த்துப் பழகிவர இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருவன் நான். மற்றவன் என்னோடு ஒரே லைனில் வேலை செய்த சீன நண்பன், தியான்ஜினிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு அது ஊருக்குப் போகிற சந்தோசம். எனக்கு அப்படி இல்லை.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. போர் நடந்த வன்னியில் இருந்தாள். தை மாதம் ஒருநாள் எங்கிருந்தோ இரண்டு நிமிடம் கதைத்தாள். பிறகு சத்தமில்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்கள் கையில் கிடைக்கும்போதெல்லாம் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். அவளுடைய பெயர் இல்லை. டொரோண்டோவில் இருந்த சொந்தக்காரர் சிலர், நல்ல எண்ணத்தோடுதான், முப்பத்தோராம் நாள் கிரியையைச் செய்துவிடு, ஆத்மா அலையக்கூடாது என்று சொல்லத் தொடங்கினார்கள். நான் முன்கோபக்காரன். அப்படிச் சொன்ன ஒரு பெரியவரை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

அவளுக்குப் பாடமாகத் தெரிந்தது என் செல்போன் இலக்கம் ஒன்றுதான். முன்பு பார்க்டேலில் இருந்தபோது வீட்டில் வைத்திருந்த போன், வீடு மாறியதோடு போய்விட்டது. ஆகவே அந்தச் செல்போன் எனக்கு ஓர் உடலுறுப்புப் போல ஆகியிருந்தது. குளிக்கும்போதும் பக்கத்தில் வைத்திருப்பேன்.

அந்த இலக்கத்தில் ஒரு வில்லங்கமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சீன மூலிகை வைத்தியர் இருந்தார். அவருடைய இலக்கத்துக்கும் என்னுடையதற்கும் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். கிழமைக்கு நாலைந்து தடவையாவது ஒரு வயதான குரல் சீனத்தில் ஏதோ கேட்கும். முன்பெல்லாம் "ரோங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுவேன். வைகாசிக்குப் பிறகு அந்தப் பொறுமையும் போய்விட்டது. மணி அடிக்கும், தங்கச்சிதான் என்று பாய்ந்து எடுத்தால் சீனம். வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு வைப்பேன். ஒருநாள் ஒரு கிழவி ஏதோ கெஞ்சுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதியில் வெட்டினேன். அவர் மறுபடி போன் எடுத்தார். மறுபடியும் வெட்டினேன்.

சீனப் பயணத்துக்கு மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். மனைவிதான் விடவில்லை.

"வீட்டில இருந்து ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தா அவள் வந்திடுவாளே? வேலையையும் விட்டுட்டு என்ன செய்யப் போறியள்? செல்லைக் கையிலயே வைச்சிருங்கோ. அங்கயும் வேலை செய்யுமாம், நான் கேட்டனான்."

போனேன். பெய்ஜிங்கில் விமானம் விட்டு இறங்கி, அங்கிருந்து தியான்ஜினுக்கு அந்த அதிவேக ரயிலில் போனோம். ஓடத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லையாம், எல்லாம் புத்தம் புதிது. பெட்டிக் கதவுக்கு மேலே வேகம் சிவப்பு எழுத்தில் ஓடுகிறது. முந்நூறைத் தாண்டியதும் என் நண்பன் தானே தள்ளி ஓட்டுகிறவன் போல என்னைத் திரும்பிப் பார்த்தான். டொரோண்டோவுக்கு வெளியே விட்பியில் இருந்து டவுன்டவுனுக்குக் கோச்சியில், அதுதான் ரயிலில், வரவே ஒரு மணித்தியாலம் எடுக்கும். அதைவிட இரண்டு மடங்கு தூரத்தை இது அரை மணித்தியாலத்தில் முடித்தது. வேறு நேரம் என்றால் வாயைப் பிளந்திருப்பேன். அன்று செல்போனில் எத்தனை கோடு காட்டுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவம் என் நண்பன். டொரோண்டோவில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை வருடமாகத் தன் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எனக்கு வகுப்பு எடுத்திருப்பான்! இப்போது என்னைக் கையில் பிடித்து வைத்திருக்கிறான், நானோ எதையும் வாயில் வைக்கிறேனில்லை. காலையில் தெருவோர வண்டிக்குக் கூட்டிப் போவான். பச்சைப் பயற்றம்மாவைக் கரைத்துக் கல்லில் தோசை போல மெல்லிசாக ஊற்றி, மேலே முட்டை உடைத்து, நடுவில் ஒரு பொரித்த மாவுத் துண்டை வைத்துச் சுற்றிக் கொடுப்பார்கள். "இது உன்னுடைய தோசைக்கு ஒன்றுவிட்ட தம்பி" என்பான். இரண்டு கடி கடித்துவிட்டு அவனிடமே கொடுத்துவிடுவேன். ஆவியில் அவித்த உருண்டைகளை மூங்கில் தட்டோடு முன்னால் வைப்பான். ஆவி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். தங்கச்சி என்ன சாப்பிட்டாளோ, சாப்பிட்டாளோ இல்லையோ, இருக்கிறாளோ. இதை வைத்துக்கொண்டு எப்படி விழுங்குவது?

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. "பெய்ஜிங் போய் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருவோம், போக அரை மணி, வர அரை மணி" என்றான். அவனுடைய மனதை முறிக்கக்கூடாது என்று புறப்பட்டேன்.

இனி நடந்தது என் மடத்தனம். ஆறாம் பெட்டியில் எங்கள் இருக்கைகள். ரயில் புறப்பட இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. யன்னலால் பார்க்கிறேன், பிளாட்போமில் ஒரு தள்ளுவண்டி. அதில் பொன்னிறமாகப் பொரித்து அடுக்கிய ஒரு பலகாரம். தியான்ஜினுக்குப் பேர்போன சாமானாம், மாஹுவா என்பார்கள். மாவைத் திரித்துப் பின்னிப் பொரிப்பது. அச்சு அசலாகப் பள்ளிக்கூடப் பிள்ளையின் தலைப்பின்னல் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு ஆஸ்துமா இழுக்கிற காலைகளில் தங்கச்சிக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். இழுத்துப் பின்னுவேன், கத்துவாள், ஒரு பக்கம் தடிப்பாகவும் மற்றப் பக்கம் மெலிசாகவும் வரும், அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போவாள். அந்தப் பலகாரத்தைப் பார்த்ததும், எத்தனையோ கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு ஒன்றைச் சாப்பிட வேண்டும் போல் இருந்தது.

எழும்பினேன். ரயிலின் ஏசிக் குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கையில் போட்டேன். ஏன் போட்டேன்? இடம் பிடிக்க! ஊரில் பஸ்ஸிலும் யாழ்தேவி ரயிலிலும் யன்னலால் முகம் துடைக்கிற லேஞ்சியை எறிந்து இடம் பிடித்து வளர்ந்த கை அது. டிக்கெட்டில் இருக்கை இலக்கம் அடித்திருக்கிறது, வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. யாழ்தேவியில் என்றால் இறங்கி வடை வாங்கி, பிளேன்ரீ குடித்து, கோச்சி நகரத் தொடங்கிய பிறகும் ஓடிப்போய்த் தொற்றலாம். அந்த நினைப்பில் இறங்கிவிட்டேன். செல்போன் ஜாக்கெட் பொக்கெற்றில்.

நண்பன் என்னைத் திருப்பி ஏற்ற என்று பின்னாலேயே ஓடிவந்தான். அவன் என் கையைப் பிடிக்கவும் கதவுகள் மூடவும் சரியாக இருந்தது. சத்தமே இல்லாமல், ஒரு குலுக்கல்கூட இல்லாமல், அந்த வெள்ளை ரயில் எங்கள் முன்னால் வழுக்கிப் போனது. என் கையில் ஒரு பலகாரப் பை.

எனக்கு என்ன நடந்தது என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் பிளாட்போமிலேயே குந்திவிட்டேன். நண்பன் பதறிப்போய் அங்கு நின்ற ஊழியரிடம் ஓடினான். திரும்பி வந்து, ரயிலில் இருப்பவர்களுக்கு அறிவிக்கிறார்களாம், பதினைந்து நிமிடத்தில் அடுத்த ரயில் இருக்கிறது என்றான். தன் போனில் என் இலக்கத்தை அடித்தான். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு முகம் மாறினான்.

"பிசியாக இருக்கிறது" என்றான். "யாரோ கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

மூன்று தடவை அடித்தான். மூன்று தடவையும் பிசி. நாலாவது தடவை போன் அணைந்திருந்தது. அடுத்த ரயில் வந்து நிற்கிற நேரத்தில் அந்த ஊழியர் எங்களிடம் வந்து ஏதோ சொன்னார். நண்பன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். "ஒரு பெண்ணிடம் இருக்கிறதாம். ரயில் ஊழியர் கேட்டிருக்கிறார். கொடுக்க மறுக்கிறாளாம்."

நான் வெடித்துவிட்டேன். களவெடுத்த போனில் ஊருக்கெல்லாம் கதைத்து முடித்துவிட்டு, ஓவ் பண்ணிவிட்டு, இப்போது தர மாட்டாளாமா? என்ன ஊர் இது, என்ன சனம் இது, முழுக் கள்ளக்கூட்டம், டொரோண்டோவிலும் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை, இங்கேயுமா என்று ஆங்கிலத்தில் கத்தினேன். பக்கத்தில் நிற்பவனுடைய ஊர் அது. அவன் என் முகத்தைப் பார்த்தான். ரயிலில் ஏறிப் பக்கத்தில் இருந்தான். அரை மணித்தியாலமும் யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான். கதவுக்கு மேலே சிவப்பு எழுத்து முந்நூற்று முப்பது என்று காட்டியது. எனக்கு மாட்டுவண்டியில் போவது போல இருந்தது. தங்கச்சி இன்றைக்குத்தான் போன் எடுப்பாள், இந்த நேரத்தில்தான் எடுப்பாள், எடுத்து யாரும் இல்லை என்று விட்டுவிடுவாள் என்று மனம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

பெய்ஜிங்கில் இறங்கினோம். பிளாட்போமில் ஆட்கள் இருக்கிற ஒரு நீள வாங்கு. அதில் ஐம்பது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், குட்டையாக வெட்டிய தலைமயிர், பூப்போட்ட சட்டை. மடியில் என் ஜாக்கெட், சலவை செய்ததுபோல் அழகாக மடித்திருந்தது. பக்கத்தில் ஒரு ரயில்வே ஊழியர் சலிப்போடு நின்றார். அந்தப் பெண்ணை எங்கள் இருக்கைக்குப் பக்கத்து வரிசையில் கண்டது நினைவுக்கு வந்தது.

என்னைக் கண்டதும் எழும்பினார். ஆனால் ஜாக்கெட்டைத் தரவில்லை. முதலில் என்னைச் சுட்டிக்காட்டி நண்பனிடம் ஏதோ கேட்டார். நண்பன் பதில் சொல்லச் சொல்ல அவருடைய கண் நிறைந்தது. பிறகு பையில் இருந்து ஒரு மட்டைத் துண்டை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். மாஹுவாப் பெட்டி ஒன்றின் மூடி. உள்பக்கத்தில் நீலப் பேனையால் பெரிய பெரிய எண்கள். ஒரே இலக்கம் இரண்டு வரியில் இருந்தது. முதல் வரியில் ஓர் எண்ணை வெட்டித் திருத்தியிருந்தார்.

தொடக்கத்திலேயே 94 என்று இருந்தது. இலங்கைக்குப் போன் எடுக்கிற கோட் இலக்கம்.

நண்பன் அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டுச் சொன்னான். ரயில் புறப்பட்டு ஐந்து நிமிடத்தில் ஜாக்கெட்டுக்குள் போன் அடித்ததாம். தேடுகிற ஆளாக இருக்கும் என்று எடுத்தாராம். ஒரு பெண் பிள்ளை அழுகிற சத்தம். பேசியது ஒன்றும் விளங்கவில்லை. போனில் இலக்கமும் காட்டவில்லை. வைத்தால் போய்விடும் என்று பயந்து வைக்கவில்லையாம். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கேட்ட ஆங்கிலம் கொஞ்சம் நினைவில் இருந்திருக்கிறது. "வன், டூ, த்ரீ... வன், டூ, த்ரீ" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நாலைந்து தடவை சொன்ன பிறகு அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டு எண்களைச் சொன்னதாம். எழுதக் கடதாசி இல்லை. மகளுக்குக் கொண்டுபோன பலகாரப் பெட்டியைக் கிழித்து எழுதி, திருப்பி வாசித்து, மறுபடி சொல்லச் சொல்லி, அதையும் எழுதியிருக்கிறார். அதற்குள் போனில் சார்ஜ் முடிந்துவிட்டது.

"ஊழியரிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்" என்றான் நண்பன். "அந்தப் பிள்ளைக்குச் சொன்னாராம், உன்னுடைய ஆளின் கையிலேயே கொடுப்பேன், அழாதே என்று. சீனத்தில்தான் சொன்னாராம். அது அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்காது, ஆனாலும் சொன்னது சொன்னதுதானே என்கிறார்."

நண்பன்தான் தன் போனில் அந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்து என் காதில் வைத்தான். அங்கே ஓர் ஆண் குரல்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது? கனடா அண்ணையோ? உந்தப் பிள்ளை தண்ணி லைனில நிக்குது. வைச்சிடாதேங்கோ அண்ணை, ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

வைக்கவில்லை. அவர் ஓடுகிற சத்தம், குழந்தைகள் கத்துகிற சத்தம், வாளிகள் முட்டுகிற சத்தம். அந்தச் சீனப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு அவள் குரல்.

"அண்ணை..."

"ஓமடி, நான்தான்" என்றேன். அவள்தான் கதைத்தாள்.

"அண்ணை, ஆர் அது போனில? அண்ணியை மாத்திப்போட்டியளோ?"

நான் சிரித்தேன். சிரிப்பு என்று தொடங்கியது என்னவாக முடிந்தது என்று எனக்கே தெரியாது. அத்தனை பெரிய ஸ்டேசனில், ஆயிரம் பேர் போய்வருகிற இடத்தில், வாங்கில் இருந்து குழந்தை மாதிரி அழுதேன். தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். காலில் காயமாம், ஆறிவருகிறதாம். பெயரை யாரோ பிழையாகப் பதிந்திருக்கிறார்களாம். முகாமில் ஒருவர் ஒளித்து வைத்திருந்த போனில் மூன்று நாள் காத்திருந்து எடுத்தாளாம். "அந்த மனுசி எனக்குக் கணக்குப் படிப்பிக்கிறா எண்டு நினைச்சனான் அண்ணை. பிழையான நம்பர் எண்டு வைக்கப் போனனான், அவ வைக்க விடேல்லை" என்றாள்.

கதைத்து முடித்து நிமிர்ந்தபோது அந்தப் பெண்ணும் அழுதுகொண்டிருந்தார். நண்பனும்தான். ஸ்டேசனுக்கு வெளியே மகள் இவ்வளவு நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறாளாம், போக வேண்டும் என்றார். போகும்முன் மூடி இல்லாத அந்தப் பெட்டியில் இருந்து ஒரு மாஹுவாவை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினார். சாப்பிடு என்று அதட்டுகிற முகம். கடித்தேன். மொறுமொறு என்று உடைந்தது, எள்ளும் சீனியும் மணந்தது. முழுவதையும் அவருக்கு முன்னாலேயே தின்று முடித்தேன். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினேன். வேறு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் கேட்க வேண்டும் என்ற நினைப்பு வந்தபோது அவர் படியேறிப் போயிருந்தார்.

மனைவிக்குப் போன் எடுத்துச் சொன்னோம். அவள் விக்கி விக்கி அழுததில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பிறகு நண்பனிடம் திரும்பினேன். தியான்ஜினில் வைத்து நான் சொன்னதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் கிடந்தது.

"நான் சொன்னதற்கு..." என்று தொடங்கினேன்.

"முதலில் சாப்பிடு" என்றான்.

தடித்த நூடுல்ஸ், மேலே கறுப்பு நிறத்தில் ஒரு சோயாக் குழம்பு, வெட்டிய வெள்ளரிக்காய். இரண்டு கோப்பை சாப்பிட்டேன். அவன் தன்னுடையதைத் தொடாமல் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்போது சொல்லு, எப்படி இருக்கிறது?" என்று கேட்டான். மூன்றாவது கோப்பைக்கு இடமில்லை என்பது மட்டும்தான் குறை என்றேன். பிறகு மன்னிப்பும் கேட்டேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, உன் நிலையில் நானும் கத்தியிருப்பேன் என்றான். கத்தியிருக்க மாட்டான், அது எனக்குத் தெரியும்.

தங்கச்சி முகாமால் வெளியே வந்து, அலைந்து உலைந்து, சில வருடங்களுக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். இப்போது கலியாணம் கட்டி விட்பியில் இருக்கிறாள். மகளுக்கு அவள் தலை பின்னிவிடுகிற அழகைப் பார்த்தால் நான் எவ்வளவோ திறம் என்று சொல்லலாம். அந்த மட்டை மூடி எங்கள் பாஸ்போர்ட்டுகளோடு அலுமாரியில் இருக்கிறது.

சீனாவில் இருந்து திரும்பிய அந்தக் கிழமையே ஒரு காரியம் செய்தேன். மூலிகை வைத்தியரின் கடைக்குப் போய், அவருடைய சரியான இலக்கத்தை எழுதி வாங்கி வந்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். செல்போன் இலக்கத்தை இன்றுவரை மாற்றவில்லை. இப்போதும் எப்போதாவது ஒரு வயதான குரல் சீனத்தில் ஏதோ கேட்கும். நான் வைப்பதில்லை. "வன், டூ, த்ரீ" என்று தொடங்கி, அவர் பேனை எடுக்கும்வரை காத்திருந்து, வைத்தியரின் இலக்கத்தை ஒவ்வோர் எண்ணாக மெதுவாகச் சொல்லி, திருப்பிச் சொல்லவும் கேட்பேன். எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த அழைப்பு எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியாது. அன்று ஆறாம் பெட்டியில் இருந்த அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, ஆனாலும் அவர் வைக்கவில்லை.